வாய் படிக்கிறது, பொருள் ஏன் நழுவுகிறது?

திருத்தணியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரிடம் ஆங்கிலப் பத்தியைக் கொடுங்கள். கடகடவென்று வாசித்துவிடுவார். கீழே உள்ள கேள்விக்கு விடை கேட்டால் விழிப்பார். ஏன்?

காஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் ஒரு சூத்திரம் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியறிவையும் பெருக்கினால் வருவதே வாசிப்புப் புரிதல். கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூஜ்யமென்றால் விடையும் பூஜ்யம்தான்.

நம் மாணவரிடம் முதலாவது இருக்கிறது; இரண்டாவதில்தான் குறை. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘தி மேன் ஹூ சோல்ட் தி கோட் வாஸ் தின்.’ யார் ஒல்லி? அவசரத்தில் ஆடு என்று தோன்றும். ‘கோட் வாஸ் தின்’ அடுத்தடுத்து நிற்கிறதே! தமிழில் ‘ஆட்டை விற்ற ஆள் ஒல்லி’: விவரம் முன்னே, ஆள் பின்னே. 1960-இல் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த இவ்வூரில் தெலுங்கும் புழங்குகிறது. அதிலும் இதே வரிசை. ஆங்கிலமோ ஆளை நிறுத்திவிட்டு விவரத்தைப் பின்னால் தொங்கவிடுகிறது. ‘மேன்’ என்பதை நினைவில் பிடித்தபடியே ‘வாஸ்’ வரை போக வேண்டும். சொல்லுக்குச் சொல் அர்த்தம் தேடுகிறவர் மனதில் அதற்கு இடமிருக்காது.

பழக்கமான விஷயம் இந்தச் சுமையைக் குறைக்கும். ஆடிக் கிருத்திகைக் காவடி பற்றிய பத்தி இவ்வூர்ப் பிள்ளைக்கு எளிது. பனிச்சறுக்கு பற்றியது கடினம்.

வாக்கியத்தைப் புரிந்துகொள்ள நோட்ஸ் மனப்பாடம் உதவாது. நீண்ட வாக்கியம் வந்தால் முதலில் முக்கிய வினையைத் தேடி, அதைச் செய்தது யார் என்று கேட்டுப் பழக வேண்டும்.