முதல் மூன்று நாள்

பிள்ளை பிறந்ததும் யார் சேனை வைப்பது என்பதில் எங்கள் பக்கம் குடும்பச் சண்டையே வந்திருக்கிறது. சேனை வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், சில வீடுகளில் பசும்பால். சங்கில் எடுத்து நாக்கில் நாலு சொட்டு விடுவார்கள். சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவிலுள்ள ஊர்களில் முப்பது வருஷம் கிராமச் சுகாதாரச் செவிலியராக இருந்தேன். அந்தச் சங்கோடு நான் போட்ட சண்டைக்குக் கணக்கில்லை. பவுடர் பால் டப்பாவோடு மட்டும் சண்டை போடவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பட்டாசுக்குத் திரி வெட்டும் பெண் அவள். ஆபரேஷன் செய்து எடுத்த ஆண் குழந்தை. இரண்டாம் நாள், "பால் ஊறலை, பிள்ளை வறண்டு போகுது" என்று சொந்தக்காரர்கள் பதறினார்கள். வார்டிலேயே பவுடர் பால் கரைத்துப் பாலாடையில் புகட்டினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். தப்பென்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாம் நாள் பால் நன்றாக ஊறிவிட்டது. டப்பாவை மூடி வைத்துவிட்டார்கள். அதன்பின் நூறு நாளும் தாய்ப்பால் மட்டும்தான்.

ஆடி பிறந்தது. தீபாவளிச் சரக்குக்கு பயர் ஆபீஸ் என்னும் பட்டாசு ஆலையில் வேலை நெருக்கும் காலம். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. போகாத நாளுக்குக் காசில்லை. அவள் காலையில் கிளம்பிவிட்டாள். பிள்ளை அம்மாச்சியிடம். அழுத பிள்ளைக்கு அம்மாச்சி பாக்கெட் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் காய்ச்சிப் புகட்டினாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, குடித்ததெல்லாம் வாந்தி. "நர்சம்மா, பிள்ளைக்குக் கரப்பான் கண்டிருச்சு" என்று தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். நல்லவேளை, மூச்சுத் திணறவில்லை. அப்படித் திணறினாலும், பிள்ளை துவண்டாலும், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 108.

குழந்தை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பிறந்த ரெண்டு மூணு நாள்ல பசும்பாலோ பவுடரோ குடுத்தீங்களா?" நான் தலை குனிந்தேன்.

பசும்பாலிலும், அதிலிருந்து செய்யும் பவுடரிலும் பீட்டா லாக்டோகுளோபுலின் என்று ஒரு புரதம் இருக்கிறது. மனிதத் தாயின் உடம்பு அதை உண்டாக்குவதில்லை. பிறந்த பிள்ளையின் குடலும் எதிர்ப்புச் சக்தியும் இன்னும் பழகாதவை. அந்த நாளில் உள்ளே போன பசும்பால் புரதத்தைச் சில குழந்தைகளின் உடம்பு பகையாளியாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. அப்போது வெளியே ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்து மறுபடி அதே புரதம் வரும்போதுதான் வெடிக்கும். எங்கள் ஊர்ப் பெண்களிடம், "மருந்து செலுத்தி வச்சாச்சு, திரி கிள்ளாம கிடக்கு" என்பேன். வேறு விளக்கம் தேவைப்படாது.

ஜப்பானில் 312 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளிவந்தது. குடும்பத்தில் ஒவ்வாமை உள்ள குழந்தைகள் அவர்கள். ஒரு பகுதியினருக்குப் பிறந்ததிலிருந்தே தாய்ப்பாலோடு சாதாரணப் பவுடர் பாலும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு முதல் மூன்று நாளாவது அதைக் கண்ணில் காட்டவில்லை. இரண்டு வயதுக்குள் உடனடி உணவு ஒவ்வாமை வந்தது முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 13 பேருக்கு. இரண்டாவதில் மூன்று பேருக்கும் குறைவு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு முதல் வாரத்தில் பசும்பால் பவுடரைச் சேர்க்க வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2020-ல் சொன்னது. அதற்காகப் பால் விஷமென்று எண்ணிவிடக் கூடாது. ஒரு மாதம் முடிந்த குழந்தைகளுக்குத் தாய்ப்பாலோடு தினம் சிறிதளவு பவுடர் பால் விடாமல் கொடுத்தபோது ஒவ்வாமை குறைந்ததாக ஒகினாவாவில் நடந்த இன்னொரு ஆய்வு காட்டியது. முதல் நாட்களில் கொஞ்சம் கொடுத்து, பிறகு நிறுத்திவிடுவதுதான் ஆபத்தாகத் தெரிகிறது. எங்கள் வார்டில் நடந்தது அதேதான்.

"பால் ஊறலை" என்பது பெரும்பாலும் பயம். முதல் நாள் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது ஒரு தேக்கரண்டியளவு. அந்த அளவுக்குத்தான் மஞ்சளாகச் சீம்பால் சுரக்கிறது. வாய் வைக்க வைக்கத்தான் ஊறும். உண்மையிலேயே பற்றாத குழந்தையும், எடை குறைந்த குழந்தையும் உண்டு. அவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், வார்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் அல்ல.

பத்தியம் என்ற பெயரில் தாயைப் பட்டினி போடுவதும் வேண்டாம். பால், முட்டை, மீனைத் தாய் விலக்கினாலும், புரதத்தை உடைத்த சிறப்புப் பவுடரைக் கொடுத்தாலும் குழந்தைக்குக் கரப்பான் குறையும் என்று, இந்தியாவில் பிறந்து கனடாவில் பணியாற்றிய ரஞ்சித் சந்திரா 1989-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். உலகமே அதை நம்பியது. 2015-ல் அந்த இதழே அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த வருஷம் 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அப்படிப்பட்ட பவுடர் ஒவ்வாமையைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. எங்கள் பெண்கள் கஞ்சியும் பூண்டுமாகக் காய்ந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அழுகிற பிள்ளைக்கெல்லாம் பால் சேரவில்லை என்று முடிவு கட்டித் தாய்ப்பாலை நிறுத்துவது இன்னொரு கொடுமை. மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, எடை ஏறாமை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். அப்போதும் அநேகமாகத் தாயின் சாப்பாட்டில் பால் பொருட்களைச் சில வாரம் விலக்கிப் பார்ப்பார்கள்; முலைப்பால் தொடரும். ஆட்டுப்பால், எருமைப்பால் மாற்றல்ல. புரதம் ஏறக்குறைய ஒன்றுதான். கழுதைப்பால் தாய்ப்பாலுக்கு நெருக்கம் என்பது உண்மை. ஆனால் தெருவில் கறந்து பச்சையாகப் புகட்டுவதில் கிருமி இருக்கிறது.

டப்பா விளம்பரத்தையும் இலவச மாதிரியையும் 1992-லேயே சட்டம் தடுத்துவிட்டது. பால் கொடுக்கத் தினம் இரண்டு இடைவேளை, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை என்று 1961 மகப்பேறு நலச் சட்டம் எழுதி வைத்தது. 2017-ல் விடுப்பு 26 வாரமானது. பெரிய ஆலையில் பதிவேட்டில் பெயருள்ளவளுக்கு அது கிடைக்கும். வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டுகிறவளுக்கும், குத்தகை ஷெட்டில் சரவெடி பின்னுகிறவளுக்கும் எந்த இடைவேளை? மதியம் மார்பு கட்டி வலிக்க, பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டேன் என்று என்னிடம் அழுதவர்கள் உண்டு. முதலாளிமார்களைக் கையெடுத்துக் கேட்கிறேன்: மருந்து இருக்கும் இடத்துக்கு வெகு தூரத்தில், கை கழுவத் தண்ணீரும் ஒரு நாற்காலியும் உள்ள அறை ஒன்று கொடுங்கள். அலுமினியப் பவுடர் ஒட்டிய கையோடு எந்தத் தாயும் பிள்ளையைத் தொட மாட்டாள்.

அந்தப் பையனுக்கு அதன்பின் பசும்பால் இல்லை. மருத்துவர் எழுதித் தந்த பவுடர் விலை அதிகம். நல்லவேளை, தாய்ப்பால் இருந்ததால் கொஞ்சமே தேவைப்பட்டது. மூன்று வயதில் ஆஸ்பத்திரியில் உட்கார வைத்து, சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இப்படிப் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வருஷத்தில் தானாகவே சரியாகிவிடும்.

அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது நானும் போயிருந்தேன். வார்டு வாசலில் அத்தைக்காரி சேனை வைக்கச் சங்கோடு நின்றாள். அம்மாச்சி சங்கை வாங்கி, கொதிநீரில் கழுவி, மகளிடம் நீட்டினாள். மகள் அதில் சீம்பாலைப் பீய்ச்சினாள், ஐந்தாறு சொட்டுதான். "இந்தா தாயி, இதைத் தொட்டு வை" என்று அத்தைக்காரி கையில் சங்கைத் திருப்பிக் கொடுத்தாள் அம்மாச்சி.