கம்ப்யூட்டர் ஏன் பாதியில் படுத்துக்கொள்கிறது?

காலை 9 மணி. கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. ஆனால் திரையில் ஒன்றையும் காணோம்!

சமையல் அறைக்குப் போய் காபி குடித்துவிட்டு வந்தேன். அப்போதுதான் விண்டோஸ் சின்னம் எட்டிப் பார்த்தது. வேலையைத் தொடங்கும்போது மணி 9.08!

அரை மணி நேரம் ஓடியது. திடீர் என்று திரை இருண்டது. வீட்டில் மின்சாரம் இருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் படுத்துவிட்டது!

இது முழுதாக விலைக்கு வாங்கிய கம்ப்யூட்டர் அல்ல. 2017-ல் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி வந்து, வீட்டில் நாங்களே பூட்டியது. ஆகவே, "கம்பெனி ஆளைக் கூப்பிடு" என்று சொல்ல வழி இல்லை.

பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். ஐந்து நிமிடம் பார்த்தார்.

"பார்மட் செய்தால் சரியாகிவிடும் சார்" என்றார்.

"உள்ளே இருக்கும் படங்கள்?" என்று கேட்டார் அம்மா.

"அழிந்துவிடும் அம்மா. புதிதாக ஆரம்பிக்கலாம்."

அம்மா பதறிவிட்டார். என் தங்கையின் திருமண வீடியோ அதில்தான் இருந்தது. 2019-ல் எடுத்தது. அதில் அப்பா மணமக்களை வாழ்த்திப் பேசுகிறார். அப்பா இப்போது இல்லை. அந்த வீடியோவுக்கு வேறு நகலும் இல்லை!

"கம்ப்யூட்டர் போனால் போகட்டும்டா. அப்பா பேசுவது போய்விடக் கூடாது" என்றார் அம்மா.

பார்மட் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

முதலில் நகல்!

பார்மட் செய்வது, வீட்டுச் சாமான்களை எல்லாம் வெளியே எறிந்துவிட்டு வெள்ளை அடிப்பது போன்றது. வீடு பளிச்சென்று இருக்கும். ஆனால் சுவரில் உள்ள விரிசல் அப்படியே இருக்கும். பாகத்தில் கோளாறு என்றால், பார்மட் அதைத் தீர்க்காது. சாமான் போனதுதான் மிச்சம்.

ஆகவே எந்தச் சோதனைக்கும் முன்னால் நகல் எடுக்க வேண்டும். பழுதான ஹார்ட் டிஸ்க், அடுத்த முறை எழுந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். வெளியில் செருகும் டிஸ்க் ஒன்றைச் செருகி, திருமண வீடியோவை முதலில் நகல் எடுத்தேன். பாதி தூரம் போனதும் பத்து நிமிடம் அசையவே இல்லை. அம்மா பக்கத்திலேயே நின்றார். பிறகு மெல்ல நகர்ந்தது. 26-வது நிமிடத்தில் முடிந்தது. அப்பா பத்திரம்!

எப்போது நிற்கிறது?

இனிமேல்தான் துப்பறியும் வேலை. முதல் கேள்வி: கம்ப்யூட்டர் எந்த இடத்தில் தயங்குகிறது?

பொத்தானை அழுத்தியதும் கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. பிராசசர் இருக்கிறதா, ராம் இருக்கிறதா என்று பார்க்கிறது. பிறகுதான் விண்டோசை எழுப்புகிறது.

விண்டோஸ் சின்னம் வருவதற்கு முன்பே நின்றால், பாகங்களைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு வயர் தளர்ந்திருக்கலாம். மறந்துபோய்ச் செருகி வைத்த பென் டிரைவ்கூடத் தாமதம் செய்யலாம். அதை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் போகிறதா? "எப்-1 விசையை அழுத்து" என்று திரை கேட்கிறதா? மதர்போர்டில் ஒரு சிறு பேட்டரி இருக்கும். நாணயம் போல வட்டமாக இருக்கும். பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற வகை. 3 வோல்ட். அது தீர்ந்திருக்கலாம். தேதி தவறினால் இணையதளங்கள்கூட "பாதுகாப்பு இல்லை" என்று மிரட்டும். பேட்டரியை மாற்றினால் போதும்.

சின்னம் வந்த பிறகு நேரம் ஆகிறதா? கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் "ஸ்டார்ட்அப்" பகுதிக்குப் போங்கள். கம்ப்யூட்டர் எழும்போதே தாங்களும் எழுந்து கூட்டம் போடும் புரோகிராம்கள் அங்கே வரிசையாக இருக்கும். தேவை இல்லாதவற்றை நிறுத்துங்கள். வைரஸ் தடுப்பு புரோகிராமை மட்டும் தொடாதீர்கள்.

நான் அப்படிச் செய்தேன். 8 நிமிடம், 7 நிமிடம் ஆயிற்று. அவ்வளவுதான்!

தேய்ந்துபோன டிஸ்க்

அடுத்த சந்தேகம் ஹார்ட் டிஸ்க் மேல். அதற்குள் ஒரு தட்டு சுற்றுகிறது. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று, அல்லது 5,400 சுற்று! ஆண்டுக்கணக்கில் ஓடும்போது தட்டில் சில இடங்கள் கெட்டுப்போகலாம். கெட்ட இடத்தில் உள்ளதைக் கேட்டால், டிஸ்க் மறுபடியும் மறுபடியும் படித்துப் பார்க்கும். அதற்குள் நாம் காபி குடித்துவிடலாம்!

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. அந்தக் குறிப்புக்கு "ஸ்மார்ட்" என்று பெயர். அதைப் படித்துக் காட்டும் இலவச புரோகிராம்கள் உண்டு. எங்கள் டிஸ்கில் கெட்ட இடங்கள் இருப்பதாக எச்சரிக்கை வந்தது. வீடியோ நகல் பாதியில் நின்றதன் காரணம் அதுதான்.

பழைய டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பூட்டினேன். அதில் சுற்றும் தட்டு கிடையாது. விண்டோசை அதில் புதிதாக ஏற்றினேன். 8 நிமிடம் போய், அரை நிமிடத்துக்குள் கம்ப்யூட்டர் எழுந்தது!

அணைத்தது யார்?

ஆனால் அரை மணி நேரம் ஆனதும் மறுபடியும் அணைந்தது. நோய் ஒன்று அல்ல, இரண்டு!

வேலை செய்யச் செய்ய அணைகிறது என்றால், சூட்டைக் கவனிக்க வேண்டும். பிராசசரின் சூடு 100 டிகிரி செல்சியசை நெருங்கினால், அது முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால், கருகாமல் இருக்கக் கம்ப்யூட்டரையே அணைத்துவிடும்.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பக்கத்து மூடியைத் திறந்தேன். பிராசசர் விசிறியின் அடியில் தூசி, கம்பளி போலப் படிந்திருந்தது! காற்று போக வழியே இல்லை.

விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, காற்றடித்துத் தூசியை நீக்கினேன். பிராசசர் மேல் பூசிய பசையும் காய்ந்திருந்தது. பழையதைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பசை வைத்தேன். அன்று மாலை வரை கம்ப்யூட்டர் அணையவே இல்லை!

நீலத் திரை வந்தால்...

சில வீடுகளில் கம்ப்யூட்டர் அணையாது. நீலத் திரை வரும். புதிய விண்டோஸ் 11-ல் அது கறுப்புத் திரை. அதில் உள்ள எழுத்துகளைப் போனில் படம் பிடித்து வையுங்கள். அதுதான் துப்பு.

ராம் மேல் சந்தேகமா? இரண்டு ராம் இருந்தால், ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிறகு மற்றதை வைத்து ஓட்டிப் பாருங்கள். விண்டோசிலேயே ராம் சோதனை புரோகிராமும் இருக்கிறது.

நீலத் திரைகூட வராமல் பட்டென்று அணைந்தால், சூடு மட்டும் அல்ல, எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் காரணமாக இருக்கலாம். அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். ஆபத்து! வேறு பெட்டியை மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால், எது குணமாக்கியது என்று தெரியாமல் போய்விடும்.

அகப்பட்டது பூச்சி!

1947 செப்டம்பர் 9-ந் தேதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் "மார்க்-2" கம்ப்யூட்டர் தகராறு செய்தது. அது அறையை நிறைக்கும் பெரிய எந்திரம். ஊழியர்கள் உள்ளே தேடினார்கள். ஒரு ரிலேயில் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது! அதை எடுத்து, குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்த ஏடு இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவர்கள் கண்டது பூச்சி. நான் கண்டது தூசி. தேடினால்தான் கிடைக்கும்!

இப்போது அப்பா பேசும் வீடியோவுக்கு மூன்று நகல்கள். ஒன்று கம்ப்யூட்டரில். ஒன்று வெளி டிஸ்கில். ஒன்று தங்கை வீட்டில். அம்மா அதை வாரம் ஒரு முறை பார்க்கிறார்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு நகலாக எது இருக்கிறது? இன்றே இன்னொரு நகல் எடுத்துவிடுங்கள்!