ஹிமாசல வெள்ளம்: சீரமைப்பு நிதி வர இரண்டு ஆண்டுகள்!

புது தில்லி: ஹிமாசலப் பிரதேசத்தில் 2023-ஆம் ஆண்டு பெருமழையில் சிதைந்த சாலைகளையும் கட்டடங்களையும் சீரமைக்க மத்திய அரசு நிதி ஒப்புதல் அளித்த நாள் 2025 ஜூன் 18. பேரிடருக்கும் ஒப்புதலுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

2023 ஜூலையில் பியாஸ் நதி கரைபுரண்டதில் குலு, மணாலி, மண்டி பகுதிகள் உருக்குலைந்தன. ஆகஸ்ட் 14-இல் சிம்லாவின் சம்மர்ஹில் பகுதியில் ஏற்பட்ட நிலச்சரிவில் சிவன் கோயில் புதையுண்டு 20 பேர் உயிரிழந்தனர். அந்தப் பருவமழைக் காலத்தில் சாலை விபத்துகள் உள்பட 500-க்கும் மேற்பட்டோர் பலியாகினர்.

இதை தேசியப் பேரிடராக அறிவிக்கக் கோரி அம்மாநிலப் பேரவை 2023 செப்டம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால், அவ்வாறு அறிவிக்க விதிகளில் இடமில்லை என்பதும், வழங்கப்படுவது நிவாரண உதவியே தவிர இழப்பீடு அல்ல என்பதும் மத்திய அரசின் தொடர்ச்சியான நிலைப்பாடு. 2023 டிசம்பரில் தென் தமிழகம் வெள்ளத்தில் மூழ்கியபோதும் இதே பதில்தான் கிடைத்தது.

விதிகளின்படி, மலைப் பகுதியில் முற்றிலும் இடிந்த வீட்டுக்கு ரூ. 1.30 லட்சம் மட்டுமே. அத்தொகையில் வீடு கட்ட இயலாது என்பதால், மாநில அரசு அதை ரூ. 7 லட்சமாக உயர்த்தியது. சுமை மாநிலக் கருவூலத்தின் மீது விழுந்தது.

2023 டிசம்பரில் மத்திய அரசு ரூ. 633.73 கோடிக்கு ஒப்புதல் அளித்தது. சீரமைப்புக்கு ரூ. 9,000 கோடிக்கு மேல் மாநிலம் கோரிய நிலையில், 2025-இல் ஒப்புதல் கிடைத்தது ரூ. 2,006.40 கோடி திட்டத்துக்கு. அதில் மத்திய அரசின் பங்கு ரூ. 1,504.80 கோடி.

தவறு தில்லியில் மட்டுமல்ல. நான்குவழிச் சாலைகளுக்காக மலைச்சரிவுகள் செங்குத்தாக வெட்டப்பட்டன. ஆற்றங்கரைகளில் கட்டடங்கள் எழும்பின. வருவாயை மட்டுமே கருதி இப்போக்கு நீடித்தால் ஹிமாசலமே ஒருநாள் இல்லாமல் போகும் என்று உச்சநீதிமன்றம் 2025 ஜூலையில் எச்சரித்தது.

நிதி ஒப்புதலாகி இரு வாரங்கள்கூட ஆகாத நிலையில், 2025 ஜூன் 30 இரவு மண்டி மாவட்டத்தின் செராஜ் பகுதியை மீண்டும் வெள்ளம் சூறையாடியது. மழை ஆண்டுதோறும் வருகிறது. கோப்புகளும் அந்த வேகத்தில் நகர்ந்தால்தான், பாதிக்கப்பட்ட மக்கள் அடுத்த மழைக்கு முன் மீண்டெழ முடியும்.