சின்னக் கையில் ஒரு கரண்டி

குழந்தை தானே உண்ணத் தொடங்கினால் பாதிச் சோறு தரையில் கிடக்கிறது, வயிறு நிறைவதில்லை என்று பெற்றோர் பலர் எங்களிடம் கவலையுடன் கூறுகின்றனர். சோறு சிந்துவது இன்று தோன்றிய சிக்கல் அன்று. நம் கொற்கைத் துறைமுகத்திற்கு உரியவர்களான பாண்டியர் குலத்து அறிவுடைநம்பி பாடிய புறநானூற்று 188ஆம் பாடல், நெய்ச்சோற்றைத் துழாவி உடலெங்கும் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பற்றியதே. அதை அம்மன்னர் குறையாகக் கருதவில்லை, பேறாகவே கண்டார். மருத்துவ நோக்கிலும் அது ஒரு பயிற்சியே ஆகும்.

தானே உண்ணும் குழந்தையின் கண், கை, வாய் ஆகிய மூன்றும் இணைந்து செயல்படப் பழகுகின்றன. பசி எப்போது அடங்கியது என்பதையும் அக்குழந்தை உணர்கிறது. கைப்பேசியைக் காட்டி ஊட்டும்போது அந்த உணர்வு மழுங்கிவிடுகிறது.

ஆறு மாதம் நிறைந்து இணை உணவு தொடங்கும்போது குழந்தை உள்ளங்கை முழுவதாலும் உணவைப் பற்றும். 9, 10 மாதங்களில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சிறு துண்டுகளை எடுக்கும். 12 முதல் 18 மாதங்களுக்குள் கரண்டியைப் பிடிக்க முயலும். வாயருகே வரும்போது அது கவிழ்வது இயல்பு. இரண்டு வயதில் பெரும்பாலான குழந்தைகள் கரண்டியால் உண்பர். முள்கரண்டிக்கு மூன்று வயது வரை பொறுத்திருக்கலாம். கையால் உண்பது நம் மரபு; அதை விட வேண்டியதில்லை. கையும் கரண்டியும் ஒன்றாகவே வளரட்டும்.

பயிற்சிக்குச் சில எளிய வழிகள் உள்ளன. குழந்தையை நிமிர்த்தி உட்கார வையுங்கள். நாற்காலியாயின் பாதங்கள் ஊன்ற ஓர் இடம் தேவை. கைப்பிடி குட்டையாகவும் தடிப்பாகவும் உள்ள கரண்டியும், விளிம்பு உயர்ந்த கனமான கிண்ணமும் ஏற்றவை. இரண்டு கரண்டிகளை வையுங்கள்: ஒன்று குழந்தைக்கு, மற்றொன்று உங்களுக்கு. முதலில் குழந்தையின் கைமேல் உங்கள் கையை வைத்து வழிநடத்தி, பின்னர் மெல்லப் பிடியைத் தளர்த்துங்கள். கரண்டியில் ஒட்டி நிற்கும் குழைந்த பருப்புச் சோறு, தயிர்ச் சோறு, கெட்டியான கேழ்வரகுக் கூழ் ஆகியவை தொடக்கத்திற்கு உகந்தவை. ரசச் சோறு பிறகு வரட்டும். பசி மிகுந்த முதல் சில வாய்களைக் குழந்தையிடம் விடுங்கள். மீதியை நீங்கள் ஊட்டலாம். அரை மணி நேரத்திற்கு மேல் நீட்டிக்க வேண்டாம். தரையில் ஒரு பழைய துணியை விரித்துவிட்டால் சிந்துவது பெரும் சுமையாகத் தோன்றாது.

கடற்கரை வீடுகளில் மீன் குழந்தைக்குக் கிடைக்கும் சிறந்த புரத உணவு. ஆயினும் சாளை போன்ற மீன்களில் நுண்முள் மிகுதி. சீலா, பாறை போன்ற மீன்களின் சதையையும் விரல்களுக்கிடையே நசுக்கி, முள் இல்லை என உறுதி செய்த பின்னரே கிண்ணத்தில் இடுங்கள். தொண்டையில் முள் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்கச் செய்வது தவறு. அது முள்ளை மேலும் ஆழமாக்கலாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால் சிறு குழந்தைகளுக்கு அது வேண்டாம். முழு நிலக்கடலை, முழுத் திராட்சை ஆகியவை மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. உண்ணும் குழந்தையை ஒருபோதும் தனியே விடாதீர்கள். ஓடிக்கொண்டே உண்ணவும் விடாதீர்கள். இருமவோ அழவோ இயலாமல் குழந்தை திணறினால் முதுகில் தட்டி முதலுதவியைத் தொடங்கி, 108ஐ அழையுங்கள்.

ஒவ்வொரு குழந்தைக்கும் சில மாதங்கள் முன்பின்னாகலாம். எனினும், ஒன்றரை வயதிற்கு முன்னரே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றொன்றை ஒதுக்குதல், உண்ணும்போதெல்லாம் புரையேறுதல், எடை கூடாமை, இரண்டு வயதாகியும் கையால்கூட எடுத்து உண்ணாமை ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால், வளரும்போது சரியாகும் என்று காத்திராமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ச்சியிலோ விழுங்குவதிலோ உள்ள குறையைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பயிற்சியின் பயன் மிகுதியாகக் கிட்டும்.