குடலை அடைக்கும் பித்தப்பைக் கல்: முதலில் கல்லை மட்டும் எடுத்தால் போதும்

கல் குடலுக்கு வரும் வழி

பித்தப்பையில் பல ஆண்டுகள் தங்கிய பெரிய கல், அதன் சுவரை அழுத்தி அழற்சியை உண்டாக்கி, ஒட்டியிருக்கும் முன்சிறுகுடலுக்குள் துளையிட்டு இறங்கிவிடுவதுண்டு. சிறிய கல் என்றால் மலத்தோடு போய்விடும். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லோ பெரும்பாலும் சிறுகுடல் குறுகும் கடைசிப் பகுதியில் சிக்கிக்கொள்கிறது. அதிகம் பாதிக்கப்படுவோர் வயதான பெண்கள். கல் சிக்குவதும் நகர்வதுமாக இருப்பதால் வாந்தியும் வயிற்று வலியும் வந்து வந்து போகும். வாயுத் தொல்லை என்று நாட்களைக் கடத்திவிடுவார்கள். இந்தத் தாமதம்தான் பெரிய ஆபத்து. குடல் வீக்கம், பித்தநாளத்தில் காற்று, இடம் மாறிய கல் ஆகிய மூன்றையும் அடையாளங்களாக 1941இல் கதிரியக்க மருத்துவர் ரிக்லர் எக்ஸ்ரேயை வைத்துச் சொன்னார். இன்று சி.டி. ஸ்கேன் அவற்றை இன்னும் தெளிவாகக் காட்டிவிடும்.

எவ்வளவு அறுப்பது?

குடலைத் திறந்து கல்லை மட்டும் எடுத்துத் தைப்பது ஒரு முறை. அதே மயக்கத்தில் பித்தப்பையையும் அகற்றித் துளையையும் அடைப்பது மற்றொன்று. வாந்தியால் நீர்ச்சத்து இழந்து, சர்க்கரையோ இதய நோயோ உள்ள முதியவருக்கு முதல் முறையே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. 1994இல் வெளியான 1001 நோயாளிகளின் தொகுப்பாய்வில், கல்லை மட்டும் எடுத்தவர்களில் 11.7 சதவீதம் பேர் இறந்தார்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்தவர்களில் 16.9 சதவீதம் பேர். இரண்டு பிரிவினரும் ஒரே நிலையில் இருந்தவர்கள் அல்ல என்று மறுக்கலாம். ஆனால் மருத்துவர்கள் வழக்கமாகப் பெரிய அறுவைசிகிச்சைக்குத் தேர்ந்தெடுப்பது உடல் தேறியவர்களைத்தான். அப்படியிருந்தும் அந்தப் பிரிவில் இறப்பு கூடியிருப்பது என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது.

மீண்டும் வராதா?

பித்தப்பையை விட்டுவைத்தால் மறுபடி அடைக்கும் என்ற அச்சம் நியாயமானதே. அதே தொகுப்பாய்வில் அப்படி நேர்ந்தது ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்கு. முதல் அறுவையிலேயே குடல் முழுவதையும் தடவிப் பார்த்து, இரண்டாவது கல் இல்லை என்று உறுதிசெய்தால் இந்த ஆபத்து இன்னும் குறையும். கல் மிச்சமில்லாதபோது துளை தானாகவே மூடிக்கொள்வதும் உண்டு. உடல் உறுதியாக இருந்து, பித்தப்பையில் பெரிய கற்கள் எஞ்சியிருப்பவருக்கு விதிவிலக்கு அளிக்கலாம். அதை அனுபவமுள்ள அறுவைசிகிச்சை நிபுணர்தான் தீர்மானிக்க வேண்டும். மற்றவர்கள் வீடு திரும்பிய பின் காய்ச்சல், மஞ்சள் காமாலை, வலது விலாவுக்குக் கீழே வலி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பித்தப்பையை அகற்றுவது பற்றி அப்போது, உடல் தேறிய நிலையில், நிதானமாக முடிவெடுக்கலாம்.