வேலை இழந்தவருக்குத் தரைவிரிப்புத் தொழில்

வளைகுடாவில் வேலை இழந்து ஊர் திரும்புகிறவர், "மளிகைக் கடை போடட்டுமா?" என்று நம்மிடம்தான் யோசனை கேட்பார். ஒரே தெருவில் மூன்றாவது கடை யாருக்கும் ஆகாது. தரைவிரிப்பு சுத்தம் செய்யும் தொழிலை அவருக்குச் சொல்லலாம். இதில் சரக்கு தேங்காது. ஈரத்தையும் உறிஞ்சும் வாக்குவம் கிளீனர், பிரஷ், சோப்புக் கரைசல், ஒரு வண்டி போதும். கன்னியாகுமரி லாட்ஜுகளிலும் கல்யாண மண்டபங்களிலும் வேலை கேட்கலாம்.

தொழிலின் சூட்சுமம் தண்ணீர் விடுவதில் இல்லை; எடுப்பதில் இருக்கிறது. முதலில் தூசியை உறிஞ்ச வேண்டும். நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் தேய்த்து, சாயம் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து நாறும். இரு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் மின்விசிறி வைத்து உலர்த்தாமல் ஒப்படைக்கக் கூடாது.

அடுத்த ஆபத்து பாக்கி. கட்டணமில்லாத உத்யம் பதிவைத் தொடக்கத்திலேயே செய்துகொண்டால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்குள் பில் பணத்தைக் கேட்டு வாங்கும் உரிமை உண்டு. கடன், மானியம் பற்றி நாகர்கோவிலில் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

ஆறு மாதக் குடும்பச் செலவை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியில் இயந்திரம் வாங்கச் சொல்லுங்கள்.