கண்டற் கரையிற் சிலுவை

இயேசுநாதரின் பாடுகளைத் தீட்டிய மறுமலர்ச்சிக் கால ஓவியங்களுள் கடுமை மிக்கது, செருமானிய ஓவியர் குரூனெவால்ட் 1512 முதல் 1516 வரையில் ஈசன்ஹைம் மடத்துப் பலிபீடத்துக்கு வரைந்ததாகும். அம்மடத்து அந்தோனியார் சபைத் துறவிகள், நச்சுப் பூஞ்சணம் பற்றிய தானியத்தை உண்டு மேனி எரிந்து, கைகால் அழுகி வருந்தினோரைப் பேணிவந்தனர். அந்நோயாளர் முன் வைக்கப்பெற்ற சிலுவையிலும் புண் நிறைந்த உடலே தொங்குகின்றது. விரல்கள் முறுக்குண்டு விரிந்துள்ளன. உதடு நீலம் பாரித்துள்ளது. அழகொன்றையே நாடுவார் முகஞ்சுளிப்பர். ஆயின் நோயாளன் அங்குக் கண்டது தன் நோவையே. இன்று அவ்வோவியம் பிரான்சின் கொல்மார் நகரக் காட்சிச்சாலையில் உள்ளது.

காண்பாரின் துயரைக் காண்பாருக்கு அணித்தாக நிறுத்தும் இந்நெறியை ஈழத்திலும் ஒருவர் வேறொரு வகையாற் கைக்கொண்டார். அவர் டேவிட் பெயின்ரர் (1900–1975). இலண்டனிற் பயின்று, இத்தாலிக்கும் சென்று கற்றவர். கண்டித் திரித்துவக் கல்லூரித் தேவாலயத்தில் 1928 ஆம் ஆண்டு தொடங்கி அவர் தீட்டிய சுவரோவியங்களுள் ஒன்று சிலுவைப்பாடு. குரூனெவால்ட் உடலை மாற்றினார். இவர் நிலத்தை மாற்றினார். இங்குச் சிலுவை நிற்பது எருசலேமின் குன்றில் அன்று, கண்டல் செறிந்த சதுப்பிலாகும்.

கண்டி மலைநாட்டிற் கண்டல் வளர்வதில்லை. வன்னி மாணவர்க்கோ அது பழகிய மரம். நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளின் ஓரத்தே வேர்பரப்பி நிற்பது. தமிழ்ப் பொருளிலக்கணம் கற்றோர்க்கு மற்றொன்றும் தோன்றும். கண்டல் நெய்தற்குரிய மரம். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அதன் சிறுபொழுது எற்பாடு என்னும் பிற்பகல். இயேசு உயிர்விட்டதாக நற்செய்தி நூல்கள் கூறும் ஒன்பதாம் மணியும் பிற்பகலே. அகத்திணை கூறும் இரங்கல் தலைவியின் பிரிவாற்றாமையாதலின், ஒப்புமையை எல்லைமீறி நீட்டுதல் தகாது. பெயின்ரர் திணைநூல் கருதி வரைந்தார் என்பதும் இல்லை. எனினும் துயருக்கு உரிய நிலம் எதுவெனத் தேடிய ஓவியன் கண், பண்டைப் புலவர் கண் சென்ற கரைக்கே சென்றிருத்தல் வியப்பன்றோ?

2009 ஆம் ஆண்டிற் போரின் முடிவில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பிற் பல்லாயிரவர் மாண்டனர். அந்நாட்டு மாணவன் ஒருவன் கண்டிக்குச் செல்லுங்கால் இச்சுவர்முன் நிற்பானாயின், அக்கண்டல் வேர்களை வெறும் பின்னணி என்று கடந்துசெல்லான்.